அவர் பெயர் எந்த செக்ரோலில்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் அத்தை வீட்டுச் சுவரில், சாமிப் படங்களுக்கு இரண்டடி தள்ளி, ஒரு பழைய போட்டோ தொங்குகிறது. காக்கி உடுப்பு, முழங்கால் வரை ஏறிய சாக்ஸ், கையில் துப்பாக்கி, சிரிப்பில்லாத முகம். தாத்தாவின் கூடப்பிறந்தவர். பட்டாளத்தில் இருந்தார், ஜப்பான்காரன் காலத்தில் செத்துப்போனார், தைப்பிங்கில் வெள்ளைக்காரன் கல் வைத்திருக்கிறான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். தீபாவளிக்கு முதல்நாள் படையலில் அவருக்கும் ஓர் இலை உண்டு.

போன வருஷம் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். கோலாகங்சாரைத் தாண்டினால் தைப்பிங் ரொம்பத் தூரமில்லை. புக்கிட் லாருட் மலையடிவாரத்தில் இருக்கும் போர்க் கல்லறையை நடுவே ஒரு சாலை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவ வீரர்கள். மறுபக்கம் முஸ்லிம்கள், கூர்க்காக்கள், மற்ற இந்திய வீரர்கள். புல்லை ஒட்ட வெட்டி, கல்லுக்குக் கல் செடி வைத்து, அவ்வளவு சுத்தம். நம் தோட்டத்துச் சுடுகாட்டை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. வரிசை வரிசையாக நடந்தேன். பெயரில்லாத கற்கள்தான் அதிகம். பெயருள்ளவற்றில் எங்கள் ஆளைக் காணோம். வாங்கிப்போன மாலையைப் பெயரில்லாத ஒரு கல்லில் சாத்திவிட்டு வந்தேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு செக்ரோல் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், கிராணி (எழுத்தர்) செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். பெயர் விழுந்தால்தான் அன்றைய கூலி. மாடாய் உழைத்திருந்தாலும் ரோலில் பெயர் ஏறவில்லை என்றால் அன்றைக்கு அந்த ஆள் வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். போர்க் கல்லறையும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. சாவு எவ்வளவு கொடுமையானது என்பது அங்கே கணக்கில் வராது. சாகும்போது அவர் பெயர் யாருடைய சம்பளப் புத்தகத்தில் இருந்தது என்பதுதான் கணக்கு. அதனால் எங்கே புதைத்தார்கள் என்று தேடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முட்டுச்சந்தில் போய் நிற்பார்கள். யாருடைய ஆளாக இருந்தார் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் அதைக் கேட்கவிடாமல் செய்வது 'பட்டாளம்' என்கிற ஒரே சொல். பிரிட்டிஷ் இந்தியப் படையில் சிப்பாயாக வந்தவரும் பட்டாளம்தான், நேதாஜி படையில் சேர்ந்தவரும் பட்டாளம்தான், கம்யூனிஸ்ட் காலத்தில் தோட்டத்துக்குக் காவல் நின்றவரும் பட்டாளம்தான். சயாம் (தாய்லாந்து) ரயில் போடக் கொண்டுபோகப்பட்ட கூலிகளையும்கூடச் சில வீடுகளில் இதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். நான்கு ரோல், நான்கு விதமான முடிவு.

முதலில் தைப்பிங்கில் படுத்திருப்பவர்கள். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர்கள் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அடுத்த சில நாட்களில் கெடாவின் ஜித்ராவில் 11ஆவது இந்திய டிவிஷன் தோற்றுப் பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கல் கோலாகங்சாரிலிருந்து ஈப்போவுக்குப் போகும் நெடுஞ்சாலை வழியாக, அதாவது எங்கள் ஊர் வழியாகவே தெற்கே நகர்ந்தது. கம்பாரில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை நின்று சண்டை போட்டார்கள். ஜனவரி 7 அன்று சிலிம் ரிவரில் ஜப்பான் டாங்கிகள் விடிவதற்குள் நுழைந்து டிவிஷனைச் சிதறடித்தன. 11ஆம் தேதி கோலாலம்பூர், பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர். மொத்தம் 70 நாள்.

பின்வாங்கிக்கொண்டே இருக்கும் படை தன் பிணங்களைச் சுமந்துகொண்டு போகாது. செத்தவர்களைச் சாலையோரம், கித்தா (ரப்பர்) மரத்தடியில், ஆற்றங்கரையில் அவசர அவசரமாகப் புதைத்தார்கள், அல்லது அப்படியே விட்டுப்போனார்கள். போர் முடிந்த பிறகுதான் ராணுவம் தைப்பிங்கில் இடம் எடுத்து, சண்டை நடந்த இடங்களிலிருந்தும் தற்காலிகக் குழிகளிலிருந்தும் கிராமத்துச் சுடுகாடுகளிலிருந்தும் எலும்புகளைக் கொண்டுவந்து சேர்த்தது. நான்கு மழைக்காலம் ஈரமண்ணில் கிடந்த உடலில் பெயர் சொல்ல என்ன மிஞ்சியிருக்கும்? அங்கே அடக்கமாகியிருக்கும் 850க்கும் மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல் யாரென்று தெரியாதவர்கள். நான் மாலை சாத்திய கல்லும் அதில் ஒன்று.

சரி, பெயருள்ள கற்களில் தமிழ்ப் பெயர் ஏன் இவ்வளவு அபூர்வம்? காரணம் இங்கே இல்லை, இந்தியாவில் இருக்கிறது. 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்று வெள்ளைக்காரர்கள் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். பஞ்சாபி, கூர்க்கா, கார்வாலி, டோக்ரா, ஜாட் எல்லாம் அதில் உண்டு. தென்னிந்தியர்களை அதிலிருந்து மெல்ல மெல்லக் கழித்தார்கள். மதராஸ் ரெஜிமெண்டின் காலாட்படையை 1928க்குள் முழுவதுமாகக் கலைத்துவிட்டு, போர் நெருக்கியபோது 1941இல் மறுபடி தொடங்கினார்கள். அதனால் பேராக் சண்டைகளில் முன்வரிசையில் நின்ற இந்தியர்கள் பெரும்பாலும் வடக்கத்திக்காரர்கள். படையில் தமிழரைத் தேடுகிறவர்கள் துப்பாக்கிப் பட்டாளத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. பாலம் கட்டும் சாப்பர், லாரி ஓட்டுநர், மருத்துவமனை ஆள், சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், தோட்டி என்று இவர்களுடைய பெயர்களும் ராணுவ ரோலில் ஏறியவைதான். சிப்பாய்க்கு என்ன மரியாதையோ அதுவே இவர்களுக்கும் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு சொல்கிறது. நம் குடும்பங்கள்தான் 'அவர் சும்மா சமையல் ஆள்' என்று சொல்லி விட்டுவிட்டன.

இன்னொரு காரணமும் உண்டு. இந்து வீரர்களை முடிந்தவரை எரித்தார்கள். எரித்தவர்களுக்குத் தனிக் கல் இருக்காது. சிங்கப்பூரின் கிராஞ்சியில் அவர்களுக்கென்றே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. மத வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 பேரின் பெயர்கள் அதில் உண்டு, பெரும்பாலும் இந்தியப் படையினர். அதே கிராஞ்சியில் உடலே கிடைக்காதவர்களுக்கான பெரிய சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். ஆகவே தைப்பிங்கில் கல்லைத் தேடி ஏமாந்த தமிழ்க் குடும்பம் கிராஞ்சிச் சுவரில் பெயரைத் தேட வேண்டியிருக்கலாம். நம் வழக்கப்படி எரித்ததுதான் காரணம் என்று புரியாமல், 'நம்ம ஆளுக்கு மட்டும் கல் வைக்கவில்லை' என்று வருத்தப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆணையத்தின் பதிவேட்டை இணையத்தில் காசில்லாமல் தேடலாம். ஆனால் நம் பெயரை நாம் எழுதுகிற மாதிரி தேடினால் கிடைக்காது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனுசாமி முனிசாமியாகியிருப்பார், முன்சுவாமியாகியிருப்பார். அப்பா பெயர் மகன் பெயராக இடம் மாறியிருக்கலாம். ஒரே பெயரில் ஐம்பது பேர் வருவார்கள். அப்போது கைகொடுப்பது ஊர். பல பதிவுகளில் இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவன், இன்ன ஊர் என்று ஒரு வரி இருக்கும். வட ஆர்க்காடு, சேலம், தஞ்சாவூர் என்று மாவட்டம் வரும். அதற்கு நாம் முதலில் நம் ஊர் எது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். மூன்றாம் தலைமுறையில் பாதிப் பேருக்கு 'இந்தியாவிலிருந்து வந்தோம்' என்பதற்கு மேல் தெரியாது. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் ஒரு கேள்வி போதும்: அவர் செத்த பிறகு ஊருக்கு பென்ஷன் வந்ததா? வந்திருந்தால் அவர் சர்க்கார் ரோலில் இருந்தவர். எங்கேயோ அவர் பெயர் நிச்சயம் இருக்கிறது.

ரோலில் இருந்தால் எல்லோரும் சமம் என்பதுதான் 1917இல் தொடங்கப்பட்ட அந்த ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை. பதவி, நிறம், மதம் எதுவும் பார்க்காமல் ஒரே அளவுக் கல். நல்ல கொள்கை. ஆனால் நடைமுறையில் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக ஈராக்கின் பாஸ்ராவில் கட்டிய நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களைச் செதுக்கிவிட்டு, சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையாகக் குறித்தார்கள். 2021இல் ஆணையமே வெளியிட்ட அறிக்கை இதை ஒத்துக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர், இந்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரில்லாமலோ நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டார்கள் என்றும் அதில் இருந்தது. நூறு வருஷம் கழித்து மன்னிப்பும் கேட்டார்கள். ரோலை எழுதுகிறவன் கை சுணங்கினால் கல்லும் சுணங்கும்.

சிங்கப்பூர் விழுந்ததும் 40,000க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் கைதியானார்கள். இங்கேதான் ஒரே ஆள் இரண்டு ரோலில் வருவது தொடங்குகிறது. ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில், அதாவது நேதாஜி படையில், சேர்ந்தார்கள். சேர மறுத்தவர்களில் பலரை ஜப்பானியர்கள் கப்பலில் ஏற்றி நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே செத்தவர்களின் கற்கள் இன்று பாப்புவா நியூ கினியில், ரபாவுல் பக்கத்துக் கல்லறையில் நிற்கின்றன. சிங்கப்பூரில் காணாமல் போனவரைத் தேடுகிறவர்களுக்கு அந்தத் தீவு எப்படி மனதில் வரும்?

நேதாஜி படைக்கு வேறு கதை. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு தோட்டங்களிலிருந்து சாரி சாரியாகத் தமிழர்கள் சேர்ந்தார்கள். அதுவரை எந்தப் போர்க்குண இனப் பட்டியலிலும் இடம் கிடைக்காத பால்மரத் தொழிலாளி அங்கே துப்பாக்கி தூக்கினார். ஜான்சி ராணிப் படையில் பெண்களும் சேர்ந்தார்கள். ஆனால் அது பிரிட்டனை எதிர்த்த படை. அதனால் இம்பால் பக்கத்திலும் பர்மாவிலும் விழுந்தவர்களுக்குக் காமன்வெல்த் கல் கிடையாது. அவர்களுக்காக சிங்கப்பூர் கடற்கரையில் 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னம், பிரிட்டிஷார் திரும்பி வந்த சில நாட்களிலேயே இடிக்கப்பட்டது. ஐம்பது வருஷம் கழித்து, 1995இல், அந்த இடத்தில் சிங்கப்பூர் அரசு ஒரு குறிப்புக் கல் வைத்தது. இந்தப் படையில் இருந்தவரைத் தேடுகிறவர்கள் கல்லறையை விட்டுவிட்டு, டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளுக்குத்தான் போக வேண்டும்.

சயாம் ரயிலுக்கு வருவோம். பர்மாவுக்குப் பாதை போட ஜப்பானியர்கள் 415 கிலோமீட்டர் தண்டவாளத்தை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஏறக்குறைய 60,000 போர்க் கைதிகள் அதில் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் மட்டும் ஏறக்குறைய 7,000 கற்கள். ஆசியக் கூலிகள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்றும், செத்தவர்கள் 90,000 அளவில் என்றும் மதிப்பிடுகிறார்கள். அதில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். காலராவில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். செத்த கைதிகளின் பெயரையும் புதைத்த இடத்தையும் கைதி முகாம்களில் ஒளித்து மறைத்தாவது எழுதி வைத்தார்கள். ராணுவ ஒழுங்கில் வந்த பழக்கம் அது. கூலி முகாம்களில் அப்படி எழுதி வைக்க யாரும் இல்லை. தோட்டத்து செக்ரோலிலிருந்து பெயர் நீங்கிய அன்றோடு அந்த ஆளின் எழுத்துக் கணக்கு முடிந்தது. 'மதிப்பிடுகிறார்கள்' என்ற சொல் தமிழர் கணக்கில் மட்டும் வருவதைக் கவனியுங்கள். கைதிகளுக்கு எண்ணிக்கை, கூலிகளுக்கு மதிப்பீடு.

2023இல் காஞ்சனபுரியில் அந்தத் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நட்டார்கள். நடுகல் என்று பெயர் வைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது, ஒரு வலியும் இருக்கிறது. செங்கம் பக்கத்துப் பழைய நடுகற்களைப் படித்தால், எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், பெயர் என்ன, எந்தச் சண்டையில் பட்டான் என்று நான்கைந்து வரியில் அத்தனையும் இருக்கும். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் மாடு மீட்கப் போய்ச் செத்தவன் பெயர் நமக்குத் தெரிகிறது. 1943இல் செத்தவர்களுக்கு எல்லோருக்குமாக ஒரே கல்.

கடைசி ரோல் எங்கள் ஊரிலேயே தொடங்கியது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதோடு கம்யூனிஸ்ட் காலம், அதாவது அவசரகாலம், வந்தது. தோட்டங்களுக்குக் காவலாக ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள், எங்கள் ஊர் பேச்சில் எஸ்.சி., 40,000 பேருக்கு மேல் எடுக்கப்பட்டார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள், நம் ஆட்களும் உண்டு. உடுப்பு, துப்பாக்கி, சம்பளம் எல்லாம் போலீஸ் கணக்கு. 1960 ஜூலை 31 அன்று அவசரகாலம் முடிவதற்குள் மலாயா ராணுவத்தினரும் போலீஸாருமாக 1,346 பேர் செத்தார்கள். பொதுமக்கள் 2,478 பேர். இவர்கள் யாரையும் காமன்வெல்த் பதிவேட்டில் தேடிப் பயனில்லை. இரண்டாம் உலகப் போர்க் கணக்கை அந்த ஆணையம் 1947 டிசம்பர் 31 அன்று மூடிவிட்டது. ஐந்தரை மாத இடைவெளியில் இவர்கள் அந்தப் பக்கம் விழுந்தவர்கள். தேட வேண்டிய இடம் போலீஸ் கணக்குதான். அந்த மூன்று துரைகள் பத்து காஜா கல்லறையில் இருக்கிறார்கள், வருஷா வருஷம் ஜூனில் அங்கே நினைவு நிகழ்ச்சி நடக்கிறது.

தைப்பிங்கிலிருந்து வந்து இரண்டு வாரம் கழித்து, அத்தையிடம் கேட்டு அந்தப் போட்டோவைச் சட்டகத்திலிருந்து கழற்றினேன். பின்னட்டையில் கரப்பான் அரித்தது போக ஈப்போ ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை இருந்தது. கீழே மையில் 1951. ஜப்பான்காரன் போய் ஆறு வருஷம் கழித்து எடுத்த படம். ஜப்பான்காரன் காலத்தில் செத்தவர் 1951இல் எப்படி ஸ்டூடியோவில் நின்றார்?

அத்தைக்கு 84 வயது. அண்ணன் மகன் ஏதோ தப்பாகப் படிக்கிறான் என்று முதலில் கோபப்பட்டார். அப்புறம் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஐயோ, இது சித்தப்பாடா" என்றார். சித்தப்பா எஸ்.சி.யாக இருந்தவர். பின்னால் ஜொகூர் பக்கம் போய், அங்கேயே குடும்பமாகி, படுக்கையில் வயசாகித்தான் செத்தார். அந்தத் தொடர்பு விட்டுப்போனது.

அப்படியென்றால் ஜப்பான்காரன் காலத்தில் செத்தது யார்? அது பெரியப்பாவாம். தாத்தாவுக்கு மூத்தவர். 43இல் மூன்று மாச வேலை என்று சொல்லித் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், சயாமுக்கு. திரும்பவில்லை. அவருக்குப் படம் கிடையாது, கல் கிடையாது, பென்ஷன் கிடையாது. எழுபது எண்பது வருஷத்தில், படம் இருந்த தம்பியின் உடுப்புக்குள் அண்ணனின் சாவைப் போட்டுத் தைத்து, தைப்பிங்கில் ஒரு கல்லையும் வைத்து, இரண்டு பேரை ஒருவராக ஆக்கிவிட்டோம்.

பெரியப்பா பெயர் என்ன என்று கேட்டேன். அத்தைக்குச் சட்டென்று வரவில்லை. அவர் போனபோது அத்தைக்கு மூன்று வயது. வீட்டில் எப்போதும் 'பெரியவர்' என்றுதான் சொல்வார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மூன்றாம் நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. பெயரைச் சொன்னார். கூடவே, பெரியவர் இடது காதில் மட்டும் கடுக்கன் போட்டிருப்பார் என்று அவர் அம்மா சொல்லக் கேட்டிருப்பதாகவும் சொன்னார்.